சதாசிவம் சாரும் அளவு மீறிய கொடுவாவும்

முழங்கால் வரை புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கழுத்தில் தையல் டேப்பைப் போட்டுக்கொண்டு, உப்பங்கழித் தண்ணீரில் நிற்கிறேன். எதிரே சதாசிவம் சார். அவர் இரண்டு கைகளாலும் தண்ணீருக்குள் தாங்கிப் பிடித்திருப்பது ஒரு கொடுவா மீன். வெயில் பட்டு அதன் முதுகு பித்தளைப் பாத்திரம் மாதிரி மின்னுகிறது. கண் இரண்டும் சிவப்பு.

"சொல்லும்மா விஜயா. எவ்வளவு?"

டேப்பைப் பார்த்தேன். அவர் முகத்தைப் பார்த்தேன். மறுபடி டேப்பைப் பார்த்தேன். டேப் மாறவில்லை.

கரையில் குப்பத்து ஜனங்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். எங்கள் தூண்டில் சங்கத்தின் செயலாளர் நடராஜன் சட்டைப் பையிலிருந்து விதிமுறைப் புத்தகத்தை எடுத்துப் பிரித்து வைத்துக்கொண்டார். அன்றைக்குச் சதாசிவம் சாருக்கு வேலையில் கடைசி நாள். நாலு மணிக்கு டவுன்ஷிப் மனமகிழ் மன்றத்தில் பிரிவு உபசார விழா. மறுநாள் காலை லாரி வந்து சாமான்களை ஏற்றிக்கொண்டு தஞ்சாவூர் போகிறது. பல வருடம் காத்திருந்து, அந்தக் கடைசி மதியத்தில்தான் அவருக்கு முதல் கொடுவா மாட்டியது.

போன வாரம் இந்தப் பத்தியில் டவுன்ஷிப் பால் பூத் சண்டையைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, மறைமலைநகரிலிருந்து ஒரு வாசகி, "உங்கள் ஊரில் எல்லாரும் படித்தவர்கள்தானே, ஏன் இப்படி?" என்று கேட்டிருந்தார். படித்ததால்தான், அம்மா. இந்த மீன் கதையைக் கேட்டால் உங்களுக்கே புரியும்.

தூண்டில் சங்கம்

தொண்ணூறுகளின் பின்பாதி. செல்போன் பெரிய அதிகாரிகளின் இடுப்பில் மட்டும் தொங்கிய காலம். மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலை ஒட்டிய எங்கள் குடியிருப்பில் தமிழ்நாட்டின் எல்லா ஜில்லாவிலிருந்தும் வந்தவர்கள் இருந்தோம். நான் மதுரை. வரைபடப் பிரிவில் வேலை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியாது. ஒருவர் ஹோமியோபதி படித்தார். ஒருவர் ரோஜா வளர்த்தார். சதாசிவம் சார் தூண்டில் சங்கம் ஆரம்பித்தார்.

உறுப்பினர்களில் நான் ஒருத்திதான் பெண். மீன் பிடிக்க ஆசைப்பட்டுச் சேரவில்லை. சங்கத்துக்கு மீனை அளக்க டேப் தேவைப்பட்டது. டேப் என் தையல் மெஷினில் இருந்தது. அதை இரவல் தர மாட்டேன் என்றேன். அப்படியானால் நீங்களே வாருங்கள் என்று என்னை அளவு அலுவலராக நியமித்துவிட்டார்கள். அடையாள அட்டைகூட உண்டு, போட்டோவோடு.

பிடிக்கிற மீனை எதற்கு அளக்க வேண்டும் என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன்.

அமெரிக்காவிலிருந்து வந்த சட்டம்

சதாசிவம் சாரின் மகன் அமெரிக்காவில் இருந்தான். அப்பாவுக்கு மீன் பிடிக்கப் பிடிக்கும் என்று ஒரு நல்ல தூண்டிலும் ரீலும் அனுப்பி வைத்தான். அதே பெட்டியில் ஒரு சிறு புத்தகமும் இருந்தது. உடம்பெல்லாம் கோடு போட்ட ஏதோ ஒரு மீன். அதைப் பொழுதுபோக்குக்காகப் பிடிப்பவர்கள் எத்தனை பிடிக்கலாம், எந்த நீளத்தில் பிடிக்கலாம், எதைத் திருப்பி விட வேண்டும் என்றெல்லாம் அந்த ஊர் அரசாங்கம் போட்ட விதிகள்.

சார் ராத்திரியெல்லாம் உட்கார்ந்து அதைப் படித்திருக்கிறார். ஒரு காலத்தில் அங்கே அந்த மீன் கிட்டத்தட்ட இல்லாமலே போயிற்றாம். விதி போட்டு, ஜனங்கள் அதை மதித்து, மீன் திரும்பி வந்ததாம். "திரும்பி வந்திருக்கு விஜயா!" என்று ஆபீஸ் வராந்தாவில் என்னை நிறுத்திச் சொன்னார். சொந்தக்காரர் ஊரிலிருந்து வந்துவிட்ட மாதிரி ஒரு சந்தோஷம்.

எங்கள் கழியில் கொடுவா குறைந்துகொண்டே வந்தது. அது உண்மை. வீட்டு வாசலுக்கு மீன் கொண்டுவரும் காசியம்மா, "இறா பண்ணைங்க வந்தப்புறம் கொடுவா எங்க கீது? வாரத்துக்கு ஒண்ணு கண்ணுல பட்டா பெரிசு" என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். ஆகவே அமெரிக்க விதியை அப்படியே தமிழாக்கி எங்கள் கொடுவாவுக்குப் போட்டுவிட்டார் சார். எங்களுக்குத் தெரிந்து, ஒரு தூண்டிலை வைத்துக்கொண்டு நிற்பவனை அரசாங்கம் எதுவும் கேட்டதில்லை. எங்களை நாங்களே கேட்டுக்கொண்டோம்.

இரண்டு அடிக்குக் குறைந்தால் குட்டி, விட்டுவிட வேண்டும். இரண்டே முக்கால் அடிக்கு மேல் போனால் தாய், அதையும் விட்டுவிட வேண்டும். இடைப்பட்டது மட்டும் வீட்டுக்கு. ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஒன்று.

இதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மொழிபெயர்ப்பில் ஒரு வரிகூட விடக் கூடாது என்பது சாரின் கொள்கை. அதனால் 'உறைந்த பனிக்கட்டியில் துளையிட்டு மீன் பிடித்தல் கூடாது' என்பதும் எங்கள் விதிகளில் இருந்தது. அக்கினி நட்சத்திரத்தில், செருப்பில்லாமல் கால் வைக்க முடியாத மணலில் நின்று, அதற்குக் கை தூக்கி ஒருமனதாக ஆதரவு தெரிவித்தோம். 'பாலத்துக்கு வடக்கே இரவில் பிடிக்கக் கூடாது' என்று ஒன்று. எந்தப் பாலம் என்று முடிவு செய்ய மூவர் குழு போட்டார்கள். அந்தக் குழு செய்யூர் வரை பஸ்ஸில் போய் பாலம் பாலமாகப் பார்த்துவிட்டு, வேர்க்கடலை மூட்டையோடு திரும்பி வந்தது.

கொக்கும் பொதுக்குழுவும்

விதி வந்த பிறகு எங்களுக்குக் கிடைத்தது கெளுத்தி. அப்புறம் கெளுத்தி. அதற்கு விதி கிடையாது, அதை யாரும் மதிக்கவும் இல்லை.

ஒரே ஒரு முறை நடராஜனுக்கு உள்ளங்கை நீளத்தில் ஒரு கொடுவாக் குட்டி மாட்டியது. நான் அளந்தேன். சார் ஒரு சின்னச் சொற்பொழிவு ஆற்றினார். நடராஜன் அதை மெதுவாகத் தண்ணீரில் விட்டார். நாங்கள் கைதட்டிக்கொண்டிருக்கும்போதே ஒரு கொக்கு வந்து கொத்திக்கொண்டு போய்விட்டது.

அடுத்த பொதுக்குழுவில் கொக்கை விதிக்குள் கொண்டுவருவது பற்றி ஒரு மணி நேரம் பேசினோம்.

அதே கூட்டத்தில்தான் சார் இன்னொரு விஷயத்தையும் விளக்கினார். குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்ததால் வீட்டுப் பெண்களும் முன் வரிசையில் இருந்தார்கள். கொடுவா பெரும்பாலும் ஆணாகத்தான் வளர ஆரம்பிக்கிறதாம். சில வருடம் கழித்து, உடம்பு பெருத்த பிறகு, அதே மீன் பெண்ணாக மாறி முட்டை போடுகிறதாம். அதனால்தான் பெரியதைத் தொடக் கூடாது. பெரியது எல்லாம் தாய்.

சாரின் மனைவி மங்கை அக்கா வெற்றிலையை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டு, "நல்ல மீன். புத்தி வந்ததும் மாறிடுது" என்றார்.

மறுநாள் வாசலில் காசியம்மாவிடம் இதைச் சொன்னேன். கூடையை இறக்கி வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். "ஆபீஸ்ல வேலை ரொம்ப கம்மியா மேடம்?" என்றாள்.

வால் எங்கே முடிகிறது

சரி, கழித் தண்ணீருக்கு வருவோம்.

"மூணு அடிக்குக் கொஞ்சம் மேல சார்," என்றேன்.

சார் கண்ணை மூடித் திறந்தார். காலையில்தான் மங்கை அக்கா மசாலா அரைத்து வைத்திருந்தார். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை வெறும் கையோடு திரும்பிய மனிதர், கடைசி நாளாவது கொண்டுவருவேன் என்று சத்தியம் செய்துவிட்டு வந்திருந்தார்.

"இன்னொரு வாட்டி அள."

அளந்தேன். வாலைக் கொஞ்சம் விரித்தால் இன்னும் கூடியது.

அப்போதுதான் நடராஜன் புத்தகத்தில் விரலை வைத்துக்கொண்டு கூவினார். "சார்! விதி என்ன சொல்லுதுன்னா, மூக்கு நுனியிலேர்ந்து வால் பிளவு வரைக்கும். பிளவு!"

எல்லாரும் வாலைப் பார்த்தோம். அமெரிக்க மீனுக்கு வால் கவட்டையாகப் பிளந்திருக்கும். கொடுவாவுக்கு வால் விசிறி மாதிரி உருண்டை. பிளவே கிடையாது.

"பிளவு இல்லாத மீனுக்கு வால் ஆரம்பிக்கிற இடம்தான் கணக்கு. அங்க வரைக்கும் அளந்தா அளவுக்குள்ள வந்துடும் சார். சட்டத்தை எழுதினது நீங்க. அர்த்தமும் நீங்கதான் சொல்லணும். எடுத்துட்டுப் போங்க சார்!"

நடராஜன் விதிகளில் எவ்வளவு கறார் என்றால், சொந்தத் தம்பிக்கே அட்டை இல்லையென்று தூண்டிலைப் பிடுங்கியவர். அவரே இப்படிச் சொல்லிவிட்டார். எடுத்துக்கொள்ளுங்கள் சார் என்று நானும் மனசுக்குள் சொன்னேன்.

கரையிலிருந்து காசியம்மாவும் கத்தினாள். "இன்னா சார் யோசிச்சிகினு? கரையேத்து! நான் செதில் சீவி ஆஞ்சி குடுக்கறேன்!"

சார் குனிந்து மீனின் வயிற்றைக் கட்டை விரலால் மெதுவாகத் தடவினார். உப்பியிருந்தது. மழைக்கு முகத்துவாரம் திறந்து, முட்டை போட மீன் கடல் பக்கம் போகிற சமயம் அது.

"வால் நுனி வரைக்கும்தான் மீனு, நடராஜன்," என்றார். தூண்டில் முள்ளைக் கழற்றினார். கையைத் தாழ்த்தினார். மீன் போய்விட்டது.

கரையில் ஒரு பெரிய "அய்யோ" எழுந்தது. வீட்டில் சாவு விழுந்தால்கூட அந்தக் குப்பத்தில் அத்தனை பேர் ஒரே குரலில் கத்தியிருக்க மாட்டார்கள்.

பொது மீன்

அந்த மீன் இருபது அடிகூடப் போயிருக்காது. காசியம்மாவின் தம்பி ஏழுமலை இடுப்பளவுத் தண்ணீரில் வீச்சு வலையோடு நின்றுகொண்டிருந்தான். வலை ஆகாயத்தில் வட்டமாக விரிந்து விழுந்தது. இழுத்தான். அதே கொடுவா.

சதாசிவம் சார் வேட்டியோடு தண்ணீரில் ஓடினார். ஐம்பத்தெட்டு வயது மனிதர் தண்ணீரில் ஓடுவதை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

"ஏழுமலை! அதை விட்டுடுப்பா! அளவுக்கு மேல!"

"யார் அளவுக்கு சார்?"

"அது தாய்ப்பா!"

"நீதான வுட்ட? தண்ணிக்குள்ள போயிட்டா அது பொது மீனு. இன்னா சார், சும்மா பேஜாரு பண்ணிகினு!"

நியாயமான பேச்சு. சாருக்கும் அது தெரிந்தது. ஏழுமலை எங்கள் சங்கத்து உறுப்பினர் இல்லை. அவனுக்கு இது பொழுதுபோக்கும் இல்லை.

சார் தன் தோளில் மாட்டியிருந்த தூண்டிலைப் பார்த்தார். மகன் அனுப்பியது. கறுப்புக் கழி, சுற்றினால் சத்தமே வராத ரீல். அதைக் கழற்றி நீட்டினார்.

"இத வெச்சுக்கோ. மீன எனக்குக் குடு."

ஏழுமலை தூண்டிலைப் பார்த்தான். ரீலை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தான். "நெசமாவா?" என்றான். சார் தலையாட்டியதும் வலையோடு மீனைக் கொண்டுவந்து அவர் கையில் வைத்தான். சார் மறுபடி விட்டார்.

"நீ வூட்டுக்கு வா, வெச்சிக்கறேன்!" என்று தம்பியைப் பார்த்துக் கரையிலிருந்து கத்தினாள் காசியம்மா.

மீன் போகவில்லை

இந்த முறை மீன் போகவில்லை. பக்கவாட்டில் சாய்ந்து மிதந்தது. இரண்டு தடவை பிடிபட்ட களைப்பு. வெள்ளை வயிறு மேலே தெரிந்ததும் சார் பதறி அதைத் தாங்கிக்கொண்டார்.

களைத்த மீனை எப்படித் தேற்றுவது என்று அந்த அமெரிக்கப் புத்தகத்தில் போட்டிருந்ததாம். நிமிர்த்திப் பிடித்து, முன்னும் பின்னுமாகத் தண்ணீரில் நடத்த வேண்டும். செவுளுக்குள் தண்ணீர் ஓடி மூச்சு திரும்பும். சார் நடத்த ஆரம்பித்தார். நாலு எட்டு அந்தப் பக்கம், நாலு எட்டு இந்தப் பக்கம். காய்ச்சல்காரக் குழந்தையை ராத்திரி தோளில் போட்டுக்கொண்டு நடக்கிற மாதிரி.

"சார், மணி மூணரை," என்றார் நடராஜன்.

"இது சரியாகட்டும்."

நடராஜன் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு, சார் சற்றுத் தாமதமாக வருவார் என்று சொல்லப் போனார்.

வெயில் முகத்தில் அடித்தது. சாருக்குக் கை ஓய்ந்தது. நான் வாங்கிக்கொண்டு கொஞ்ச நேரம் நடத்தினேன். வழவழவென்று, கனமாக, உள்ளே ஏதோ மெலிதாகத் துடித்தது. அதுவரை நான் மீன்களை அளந்துதான் இருக்கிறேன்.

திடீரென்று எங்கள் மேல் நிழல் விழுந்தது. திரும்பினால் காசியம்மா. புடவை நனைய உள்ளே வந்து, தன் கறுப்புக் குடையைச் சார் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"உசுரு கீதா?"

"கீது," என்றார் தஞ்சாவூர் சதாசிவம் சார்.

"மூஞ்சிய கடல் பக்கம் திருப்பி நட சார். ஏத்தத் தண்ணி உள்ள வந்துகினு கீது."

கரையில் ஜனங்கள் மணலில் உட்கார்ந்துவிட்டார்கள். யாரோ சாருக்குக் கோலி சோடா உடைத்துக் கொடுத்தார்கள். அவர் கை ஒழியாததால் நான் வாயில் ஊற்றினேன்.

தண்ணீரில் நடந்த விழா

நாலரை மணிக்கு ஆபீஸ் வேன் சவுக்குத் தோப்பைத் தாண்டி வந்து நின்றது. முதலில் நடராஜன் இறங்கினார். பிறகு மங்கை அக்கா, பட்டுப் புடவையில். பிறகு எங்கள் பெரிய அதிகாரி, டை கட்டிக்கொண்டு. பின்னால் இன்னும் ஏழெட்டுப் பேர், மாலை, சால்வை, ஒரு சுவர்க் கடிகாரம்.

அதிகாரிக்கு ஆறு மணிக்குச் சென்னையில் வேறு கூட்டம். விழா நாயகர் வராவிட்டால் விழா எப்படி? விழா நாயகரோ மீனை விடமாட்டார். அதிகாரி கொஞ்ச நேரம் கரையில் நின்று யோசித்தார். பிறகு ஷூவைக் கழற்றினார். பேண்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டினார். சால்வையை எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினார்.

இப்படித்தான் சதாசிவம் சாரின் பிரிவு உபசார விழா தண்ணீரில் நடந்தது. கை கொடுக்க முடியாததால் அதிகாரி அவர் முழங்கையைப் பிடித்துக் குலுக்கினார். சால்வை போர்த்தும்போது குடை இடித்தது. காசியம்மா குடையை நகர்த்தவில்லை, அதிகாரிதான் குனிந்துகொண்டார். மாலையின் நுனி தண்ணீரில் மிதந்தது. கடிகாரத்தை என் கையில் கொடுத்துவிட்டார்கள்.

அதிகாரி பேசினார். கடமை, கண்ணியம், நேரம் தவறாமை என்று எல்லாருக்கும் சொல்வதையே சொன்னார். நேரம் தவறாமை என்ற இடத்தில் கொஞ்சம் தடுமாறினார்.

"ஏற்புரை," என்றார் நடராஜன் கரையிலிருந்து.

சார் மீனைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"எல்லாருக்கும் நன்றி. நான் ஆபீஸ்ல பெரிசா ஒண்ணும் பண்ணிடல. சொன்னதைச் செஞ்சேன். யாராவது எழுதின விதியை மதிச்சேன். இந்த ஒரு விதிதான் நானே எழுதினது. அதை நானே..."

அந்த நேரத்தில் மீன் ஒரு துள்ளுத் துள்ளியது. அந்த விசிறி வால் தண்ணீரை அறைந்ததில் அதிகாரியின் டை, மூக்குக் கண்ணாடி, என் கையிலிருந்த கடிகாரம் எல்லாம் நனைந்தன. சாரின் விரல்களைத் தள்ளிக்கொண்டு, ஏற்றத்துக்கு எதிரே, முகத்துவாரத்தைப் பார்த்து ஒரு கறுப்புக் கோடு போயிற்று.

ஏழுமலை வலையைத் தோளிலிருந்து இறக்கவே இல்லை.

கரையில் கைதட்டல். குப்பத்து ஜனங்கள் விசில் அடித்தார்கள். அதிகாரியும் தட்டினார், கண்ணாடியைத் துடைக்காமலே. எத்தனையோ பிரிவு உபசாரம் பார்த்திருக்கிறேன். மாலை வாங்கியவருக்காக இல்லாமல் ஒரு மீனுக்காக இப்படி யாரும் தட்டியதில்லை. ஆனால் மாலையோடு நின்ற சாரும் அழுதுகொண்டிருந்தார், அவருக்காகவும்தான் தட்டினார்கள் என்று இப்போது தோன்றுகிறது.

சார் மட்டும் அப்படியே நின்றார். கைகள் தண்ணீருக்குள் மீன் இருந்த அகலத்துக்கே விரிந்திருந்தன. அவற்றை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

மங்கை அக்கா பட்டுப் புடவையோடு தண்ணீரில் இறங்கி வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவரோ சார் தோளில் நனைந்து சரிந்த சால்வையை எடுத்துப் பிழிந்து மடித்துக்கொண்டார்.

காசியம்மா குடையை மடக்கினாள்.

"அது வூட்டுக்குப் போயிடுச்சு சார்," என்றாள். "நீயும் போ."